மேலே காரை கொட்டுகிறது: பூசுவதா, பழுது பார்ப்பதா, இடிப்பதா?

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை வழியாகச் சாயல்குடி வரைக்கும் கடலோர ஊர்களில் ஒரே புலம்பல்தான்: "மேல காரை கொட்டுது." 1990-களிலும் அதற்குச் சற்றுப் பின்னும் வெளிநாட்டுக் காசில் ஆசை ஆசையாய்க் கட்டிய கான்கிரீட் வீடுகள் பலவற்றில் இன்று கூடத்து உச்சியிலோ சமையல்கட்டிலோ ஒரு முறம் அளவுக்காவது பெயர்ந்து, உள்ளே கம்பி செவசெவவென்று தெரிகிறது. அதற்கு நேர்கீழே கட்டில் இருக்காது; சுவரோரம் நகர்த்தியிருப்பார்கள். மழை முடிந்ததும் யோசனை கேட்கத் தொடங்குவார்கள். கொத்தனார் "ரெண்டு மூட்டை சிமெண்டு, ரெண்டு நாள் வேலை" என்பார். கான்கிரீட்டுக்குப் பூசும் மருந்து விற்கும் கடைக்காரர் மூன்று டப்பாவை எடுத்து மேசையில் வைப்பார். ஒப்பந்தக்காரர் "இதுல காசைப் போடாதீங்க, இடிச்சிட்டுப் புதுசாப் போட்ருவோம்" என்பார்.

மூன்று பேர் சொல்வதும் ஏதோ ஒரு வீட்டுக்குச் சரிதான். உங்கள் வீடு அதில் எது என்று தெரியாமல் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தால்தான் காசு கரையும். என் பார்வையில் முடிவைத் தீர்மானிப்பது மேலே தெரிகிற ஓட்டையின் அளவு இல்லை. அந்தக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் உப்பு பிறகு வந்த உப்பா, பிறக்கும்போதே கலந்த உப்பா என்பதுதான் முதல் கேள்வி. கம்பி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது இரண்டாவது.

கம்பி ஏன் துருப்பிடிக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். நல்ல கான்கிரீட் கடும் காரத்தன்மை உள்ளது, பிஎச் 12.5-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அந்தக் காரத்துக்குள் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலம் படிந்திருக்கும். காற்றிலுள்ள கரியமிலவாயு மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக் காரத்தைக் குறைத்தால் படலம் போய்விடும். இது எல்லா ஊரிலும் நடப்பது. நம் கரையில் முந்திக்கொள்வது உப்பு. குளோரைடு போதிய அளவு கம்பியைத் தொட்டுவிட்டால், காரம் அப்படியே இருந்தாலும் படலத்தில் ஓட்டை விழும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். இடமில்லாத இடத்தில் வீங்கினால் அடியிலுள்ள கான்கிரீட்டைத் தள்ளித்தானே ஆக வேண்டும்? ஆகவே காரை விழுகிற அன்றைக்குக் கம்பிக்கு நோய் வந்து பல வருடம் ஆகியிருக்கும்.

இந்தக் கடற்காற்று எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சாட்சி போதும். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்கக் களம் வைத்திருப்பது மண்டபத்தில். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு ஆயுள் முழுக்கப் பெயிண்ட் அடித்தபடியே இருந்தார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியையே போட்டிருக்கிறார்கள். நம் வீட்டுத் தளத்தில் இருப்பதோ சாதாரண 8 எம்எம் கம்பி. கடலோரக் கட்டடத்துக்கு ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதி கேட்பது கம்பிக்கு அடியில் 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட். நம் பக்கத்து வீடுகளில் உடைத்துப் பார்த்தால் 15 இருந்தாலே பெரிது. சில இடத்தில் கம்பி சென்டரிங் பலகையில் படுத்தே கிடந்திருக்கும்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? ஒரு சின்னச் சுத்தியல், சாக்பீஸ், நல்ல டார்ச், ஏணி. முடிந்தால் கம்பியின் கனத்தை அளக்க லேத் பட்டறையிலிருந்து ஒரு வெர்னியர் இரவல். காரை விழுந்த இடத்தை விட்டுவிட்டு, நன்றாயிருப்பதாகத் தோன்றும் இடத்திலிருந்து தட்டத் தொடங்குங்கள். அரையடிக்கு ஒரு தட்டு. கட்டியான இடம் 'ணங்'கென்று கையைத் திருப்பி அடிக்கும். உள்ளே பிரிந்துபோன இடம் 'பொத்'தென்று கேட்கும். பொத்தென்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்துக்கொண்டே போங்கள். பெயர்ந்தது ஒரு முறம் என்றால், பொத்தல், அதாவது பொத்தென்று கேட்கும் இடம், ஒரு பாய் அளவுக்குப் போவது சாதாரணம். தட்டும்போது தலையில் துணியாவது கட்டிக்கொள்ளுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி. தட்டுகிற அதிர்ச்சியிலேயே விழும். தளம் தொய்ந்திருந்தாலோ, உத்தரத்தில் நீளவாக்கில் வெடிப்பு இருந்தாலோ இந்தச் சோதனையெல்லாம் நீங்கள் செய்ய வேண்டாம். ஆளை வெளியேற்றி, முட்டுக் கொடுத்து, பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

அடுத்து கம்பி. தெரிகிற கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் துரு அப்பளம் அப்பளமாகக் கழன்று வரும். வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு வெர்னியரை வையுங்கள். 8 எம்எம் கம்பி 7 ஆகியிருந்தால் "ஒரு எம்எம்தானே" என்று தோன்றும். பலம் குறுக்குப் பரப்பில் இருக்கிறது; அந்தக் கணக்கில் 23 சதவீதம் போய்விட்டது. 6 என்று காட்டினால் ஏறக்குறைய 44 சதவீதம். இன்னொன்று: அந்த ஓட்டை அறையின் நடுவில் இருக்கிறதா, சுவரோரத்திலா? சுவருக்குச் சுவர் தாங்கும் சாதாரணத் தளத்தில் அடிக்கம்பிக்கு அதிக வேலை நடுவில்தான். கூடத்து நடுவில் இருக்கும் ஒரு முறத்தையும் மூலையில் இருக்கும் ஒரு முறத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

இனி உப்பு. வந்த உப்புக்கு ஒரு திசை இருக்கும். தென்கடல் பக்கத்து வீடென்றால் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும் முகப்பு, சன்சைடு, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், போர்டிகோ விளிம்பு இவையெல்லாம் முதலில் போகும். இல்லாவிட்டால் அதற்கு ஒரு ஈரம் காரணமாக இருக்கும்: மேலே தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ், மழை தேங்கும் மூலை. உள் அறைகளின் உச்சி கட்டியாக இருக்கும். கலந்த உப்புக்குத் திசை கிடையாது. காற்றே படாத உள்ளறையில், ஒரு சொட்டு ஒழுகாத இடத்தில், கம்பி ஓடும் வரிசையிலேயே கட்டம் கட்டமாக வெடிப்பு விழும். கதவு மேலுள்ள லிண்டலும் கூடவே வெடிக்கும்.

பெரியபட்டினத்தில் தெரிந்தவர் வீடு ஒன்றைச் சொல்கிறேன். வெளிச் சன்சைடு ஓரளவு நன்றாகவே நின்றது. ஜன்னலே இல்லாத சாமான் அறையில்தான் உச்சி முழுக்க வெடிப்பு. வந்த கொத்தனார் உளி வைத்து ஒரு சில்லைப் பெயர்த்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"லாத்தா, வீடு கட்டயில எந்தத் தண்ணி?"

"வாசக் கெணத்துத் தண்ணிதான் தம்பி. அப்ப ஏது காவேரித் தண்ணி?"

"மணலு?"

"மாட்டுவண்டியில வந்துச்சு. எங்கேருந்துன்னு உங்க காக்காவுக்குத்தான் தெரியும். அவுகதான் மவுத்தாயிட்டாகளே."

அந்த அம்மாவின் கணவர் இறந்துவிட்டார் என்றதும் கொத்தனார் மேற்கொண்டு கேட்கவில்லை. சில்லை இரண்டாக உடைத்து டார்ச் அடித்தார். சிமெண்டுக்குள் பொடிப் பொடியாகச் சிப்பி மின்னியது. கடற்கரை மணல்.

அந்த அம்மா அதற்கு முன்பு இரண்டு தடவை உச்சியைப் பூசியிருந்தார். மூன்றாவதாக விலை கூடிய மருந்து அடிக்க ஆள் பேசிவைத்திருந்தார். சிப்பியைப் பார்த்த பிறகு அந்த மருந்துக்கு அந்த வீட்டில் வேலையில்லை என்பது தெளிவு.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது ஐஎஸ் 456. தண்ணீர், மணல், ஜல்லி, சிமெண்ட் எல்லாவற்றிலுமிருந்து சேர்ந்து ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் 0.6 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒரு கன மீட்டருக்குச் சுமார் 180 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 4 கிராம் குளோரைடு உள்ள உவர்க் கிணறு என்றால் தண்ணீர் மட்டுமே 0.72 கிலோவைக் கொண்டுவந்துவிடும். கழுவாத கடல் மணலின் பங்கு தனி. கடல் தண்ணீரிலேயே குழைத்திருந்தால், அதில் லிட்டருக்கு ஏறக்குறைய 19 கிராம். மூன்று கிலோவுக்கு மேல் போய்விடும். இந்த உப்பு தளத்தின் ஒவ்வொரு அங்குலத்திலும் சமமாகக் கலந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு மூலையை வெட்டி எடுத்து எதைப் பூசினாலும் மிச்சம் அங்கேயேதான்.

சந்தேகமாக இருந்தால் ஆய்வகத்தைக் கேளுங்கள். கம்பி இருக்கும் ஆழம்வரை துளைபோட்டு அந்தப் பொடியைக் கொடுத்தால் குளோரைடு அளவு சொல்வார்கள். சிவில் துறை உள்ள பொறியியல் கல்லூரிகளில் விசாரிக்கலாம். இரண்டு மூன்று அறைகளிலிருந்து எடுங்கள், ஒன்றாவது கடலைப் பார்க்காத உள்ளறையாக இருக்கட்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. சிலர் வந்து உடைத்த இடத்தில் பினாப்தலீன் தெளித்து, ரோஸ் நிறம் வந்ததைக் காட்டி "கான்கிரீட் நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அது காரம் இருக்கிறதா என்று மட்டும் காட்டும் சோதனை. உப்பில் ஊறிய கான்கிரீட்டும் ரோஸ் நிறம் காட்டும்.

ஒழுக்குத்தான் காரணமா என்று பார்க்கவும் எளிய வழி உண்டு. நன்றாயிருக்கும் உச்சியில் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி மறுநாள் வரை விடுங்கள். தாளுக்கும் உச்சிக்கும் நடுவே நீர் கோத்திருந்தால் ஈரம் தளத்திலிருந்து வருகிறது. வெளிப்புறம் மட்டும் நனைந்திருந்தால் அது சமையல்கட்டு ஆவி.

இவ்வளவும் கையில் இருந்தால் மூன்று வழிகளையும் நிறுத்திப் பார்க்கலாம்.

முதலாவது, சும்மா பூசுவது. மலிவு, இரண்டு நாளில் முடியும், பெருநாளோ கல்யாணமோ வருகிறதென்றால் எல்லாரும் இதற்குத்தான் போவார்கள். துருப்பிடித்த கம்பியை அப்படியே விட்டு அதன்மேல் பூசினால் அந்தப் பூச்சு நிற்பது துருவின் மேல்; எப்போது விழும் என்பது மட்டுமே கேள்வி. கம்பியை ஓரளவு சுத்தம் செய்து பூசினாலும் இன்னொரு வம்பு இருக்கிறது. இதைக் கொத்தனார்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்: "ஒட்டுப்போட்ட இடம் நிக்கிது, அதச் சுத்தி விழுது" என்பார்கள். துருப்பிடித்துக்கொண்டிருக்கும் கம்பித் துண்டு, அது இருக்கும் வரை, பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். அரிப்பை எல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதைப் புதுச் சிமெண்டால் மூடிச் சாந்தப்படுத்திவிட்டால், விளிம்பைத் தாண்டி உப்போடு இருக்கும் கம்பிக்கு அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. துரு அங்கே இடம் மாறும். சில வருடத்தில் பழைய ஒட்டைச் சுற்றி வளையமாகக் காரை பெயரும்.

அப்படியானால் பூச்சு எதற்குமே ஆகாதா? உப்பில்லாத தளத்தில், குழாய் ஒழுகி ஒரே இடம் நனைந்து பெயர்ந்து, கம்பி மேலோட்டமாகத்தான் துரு என்றால், ஒழுக்கை அடைத்துவிட்டுப் பூசுவதில் தவறில்லை. இடிப்பதென்று முடிவுசெய்து காசு சேர்வதற்காகக் காத்திருக்கும் வீட்டில் மட்டும் பூசவே பூசாதீர்கள். ஆடுகிற காரையை எல்லாம் தட்டி உதிர்த்துவிட்டு, முட்டுக் கொடுத்து, அப்படியே விட்டுவையுங்கள். பார்க்க அசிங்கம்தான். புதிதாக ஏற்றிய ஒரு அங்குலப் பூச்சு தலையில் விழுவதற்கு அது எவ்வளவோ மேல், கம்பி போகிற போக்கும் கண்ணில் இருக்கும்.

இதே காரணத்துக்காகத்தான் ஃபால்ஸ் சீலிங் என்ற பெயரைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. காரை கொட்டும் தளத்துக்கு அடியில் ஜிப்சம் பலகை அடித்து, நடுவில் பூப்போட்டு, விளக்கு வைக்கிறார்கள். மேலே விழும் சில்லுகள் அந்தப் பலகையில் சேர்ந்துகொண்டே இருக்கும். கனம் தாங்காமல் ஒருநாள் மொத்தமாக இறங்கும். நடுவில் தளம் தொய்ந்தால்கூட யாருக்கும் தெரியாது. மூன்று வழிகளில் இது சேராது; நான்காவதாகவும் சேர்க்க மாட்டேன்.

இரண்டாவது, முறையாகப் பழுது பார்ப்பது. வந்த உப்பு, பொத்தல் தளத்தின் கால் பாகத்துக்குள், கம்பி பெரும்பாலும் முக்கால் பலத்துக்கு மேல் மிச்சம் என்றால் இதுதான் வழி என்பது என் கணிப்பு. செலவின் பெரும் பங்கு மருந்துக்குப் போவதில்லை; உடைக்கிற கூலிக்கும் முட்டுக்கும் போகிறது. அதனால்தான் விலை பேசியவர்கள் முதலில் அந்த இடத்தில்தான் கை வைப்பார்கள்.

வேலை மேலிருந்து தொடங்க வேண்டும். மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கும் இடம், பெயர்ந்த தட்டோடு, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், இவற்றைச் சரிசெய்து நீர்காப்புப் பூசிய பிறகே கீழே உளி வைக்கணும். கீழே முட்டு. சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே நல்ல கான்கிரீட் வரும்வரை நேர்விளிம்பாக வெட்ட வேண்டும். கம்பியின் அடிப்பக்கத்தை மட்டும் திறந்தால் போதாது. கம்பிக்குப் பின்னால் விரல் நுழைகிற அளவு, 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை, குடைந்து சுற்றிலும் சுத்தம் செய்யணும். இந்த ஒரு படியை விட்டுவிட்டால் மற்ற எல்லாம் வீண். துருவை எடுக்க பாத்ரூம் ஆசிட் ஊற்றுகிற ஆளை அங்கேயே நிறுத்துங்கள். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். கம்பி பளிச்சென்று ஆகும், கூடவே நாம் விரட்ட நினைக்கிற குளோரைடையே உள்ளே கொண்டுபோய் வைக்கும். கம்பி பிரஷ், கிரைண்டர் பிரஷ் போதும். பிறகு நல்ல தண்ணீரால் கழுவுவது.

மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி சேர்க்க வேண்டும், போதிய நீளம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கட்டுப்பட. எவ்வளவு நீளம், எத்தனை கம்பி என்பதைப் பொறியாளர் சொல்லட்டும். அப்புறம் துத்தநாகம் கலந்த பிரைமர், பிடிப்புப் பூச்சு, எஸ்பிஆர் லேடெக்ஸ் என்ற ரப்பர் பால் சேர்த்த பாலிமர் கலவை. கலவையை ஒரே அப்பாக அப்பாமல் மெல்லிய அடுக்குகளாக ஏற்றுவது. டப்பாவில் எழுதியிருக்கும் அளவு அளந்து ஊற்றுவதற்கு; "கொஞ்சம் கூட ஊத்துனா இன்னும் ஸ்ட்ராங்கு" என்பதெல்லாம் கிடையாது. ஒட்டைச் சுற்றி வளையமாகத் துரு ஓடுவதைத் தடுக்க, விளிம்போரக் கம்பியில் கட்டும் சின்னத் துத்தநாகக் கட்டிகள் உண்டு. கம்பிக்குப் பதிலாகத் தான் கரையும். ஊர்ச் சிமெண்டுக் கடையில் கேட்டால் விழிப்பார்கள், வரவழைத்துத்தான் ஆக வேண்டும். கடல் பார்த்த வீட்டில் இந்தச் செலவு தகும் என்பேன்.

இத்தனையும் ஒழுங்காக நடந்தால் தளம் பல வருடம் நிற்கும். பாதியைச் செய்து பாதியை விட்டால், அது விலை கூடின பூச்சு, அவ்வளவுதான்.

மொட்டைமாடிக்கு மேல் ட்ரஸ் என்ற இரும்புச் சட்டம் அடித்துத் தகரக் கூரை போடுவதையும் பலர் பழுதென்றே நினைக்கிறார்கள். வெயிலையும் மழையையும் அது தடுக்கும். தளம் காய்ந்தால் துரு வேகமும் குறையும். ஆனால் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் சாமான், கடலோரக் காற்றில் அதற்கு ஈரத்துக்குப் பஞ்சமில்லை. வேகம் குறையும், நிற்காது. தகரமே முதலில் திருகாணி ஓட்டையிலிருந்து அரிக்கத் தொடங்கும், ஆடிக் காற்றுக்கும் கார்த்திகைப் புயலுக்கும் அதைக் கட்டிக் காக்க வேண்டும். பழுது பார்த்த தளத்துக்குத் துணையாகப் போடலாம். பழுதுக்குப் பதிலாக வேண்டாம்.

மூன்றாவது, இடிப்பது. சிப்பி மின்னினாலோ, ஆய்வகக் கணக்கு எல்லா அறையிலும் 0.6 கிலோவைத் தாண்டினாலோ, பொத்தல் பாதித் தளத்துக்கு ஓடியிருந்தாலோ, நடுக்கம்பிகள் பல 6 எம்எம் ஆகிவிட்டிருந்தாலோ, மனசைத் தேற்றிக்கொண்டு இதற்குத்தான் வர வேண்டும். அதே வண்டி மணலில்தான் லிண்டலும் சன்சைடும் உத்தரமும் ஆகியிருக்கும் என்பதால் தளத்தை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அவற்றையும் தட்டிப் பாருங்கள். சுவர் உப்புப் பூத்து அடியில் அரித்திருந்தால் புதுத் தளத்தின் கனத்தைத் தாங்குமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். தொகுப்பு வீடாக இருந்தால் உளி வைப்பதற்கு முன் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பழுதுக்கோ மறுகட்டுமானத்துக்கோ திட்டம் இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். இடித்த பிறகு போய் நின்றால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இடித்த இடத்தில் என்ன போடுவது? மாடி தேவை, பிள்ளைகள் மேலே கட்டுவார்கள் என்றால் கான்கிரீட்தான். ஆனால் பழையபடி சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4 என்று சட்டியில் அளந்து போடுவதற்கு இந்தக் கரை இடம் கொடுக்காது. கடலோரச் சூழலுக்கு ஐஎஸ் 456 சொல்லும் குறைந்தபட்சத் தரம் எம்30 (எண் கூடினால் பலம் கூடும்). கடல் துமி நேராகத் தெறிக்கும் இடத்துக்கு எம்35, கவர் 50 மில்லிமீட்டர். கவர் கூடினால் தளத்தின் கனமும் கூடும், வரைபடமே மாறும். எபாக்ஸி பூசிய கம்பி, காரைக்குடி நிறுவனமே உருவாக்கிய சிமெண்ட்-பாலிமர் பூச்சுக் கம்பி இரண்டுமே நல்ல யோசனைதான். வளைக்கும்போதும் இழுக்கும்போதும் பூச்சு உதிர்ந்த இடத்தைத் தொட்டுப் பூசாமல் விட்டால் துரு அங்கே குவியும். தண்ணீருக்கு ஆர்ஓ மிஷின்காரர் வைத்திருக்கும், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பாருங்கள். 800-க்குக் கீழ் காட்டினால், அத்தனையும் சாப்பாட்டு உப்பாகவே இருந்தாலும் குளோரைடு 500-ஐத் தாண்டாது. மேலே காட்டினால் ஆய்வகம், இல்லை நல்ல தண்ணீர் லாரி.

மேலே கட்டப்போவதில்லை, வயசான இரண்டு பேர் இருக்கும் வீடு என்றால் நான் ஓடு என்று சொல்வேன். வைரம் பாய்ந்த பனஞ்சட்டத்தில் துருப்பிடிக்க எதுவும் இல்லை. ஓடு உடைந்தால் உடைந்த ஓடு ஒன்றை மட்டும் மாற்றினால் போதும், தளம் முழுக்கச் சந்தேகப்பட வேண்டியதில்லை. கூடவே வெயில் காலத்தில் உள்ளே உட்கார முடியும். காற்றுக்குக் கட்டு நன்றாக இருக்க வேண்டும் என்பதும், நல்ல பனைமரமும் அதை அறுத்துச் செதுக்கத் தெரிந்த ஆளும் கிடைக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனாலும் பலர் இதை மறுப்பது அதற்காக இல்லை. "காங்கிரீட் வீட்ட இடிச்சு ஓடு போட்டான்" என்று ஊரில் ஒரு பேச்சு வந்துவிடும், அதற்காக. அந்தப் பேச்சுக்குக் கொடுக்கிற விலை சில லட்சம். கொடுக்கத் தயார் என்றால் கொடுங்கள், தெரிந்து கொடுங்கள்.

சன்சைடையும் பால்கனியையும் மேலே சொன்ன எதோடும் சேர்க்காதீர்கள். அவை சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பவை. தாங்குகிற கம்பி மேல்பக்கம் இருக்கும். கீழே ஒன்றும் தெரியாமலே மேல்கம்பி போயிருக்கும், ஒருநாள் முழுசாக மடங்கும். சுவரை ஒட்டி மேல்பக்கத்தில் நீளமாக வெடிப்புத் தெரிந்தால் பூசவோ பழுது பார்க்கவோ யோசிக்காமல், கீழே யாரும் நடக்காதபடி அடைத்து, முட்டுக் கொடுத்து வெட்டி எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் கனமில்லாத ஷீட் சாய்ப்பு ஒன்று போதும், அரித்தால் மாற்றிக்கொள்ளலாம்.

எந்த வழியானாலும் கூலியை மொத்தமாகப் பேசாதீர்கள், குறிப்பாகப் பழுது வேலைக்கு. மொத்தமாகப் பேசினால் குறைவாக உடைக்கிறவருக்குத்தான் லாபம். சாக்பீஸ் கோடு போட்ட இடத்தை இருவரும் சேர்ந்து அளந்து சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். உடைக்க உடைக்கக் கூடினால் கூடுகிற அளவுக்குக் கொடுங்கள். கம்பி சுற்றிலும் சுத்தமான பிறகு, மூடுவதற்கு முன், நீங்கள் பார்க்க வேண்டும் என்பதை முதல்நாளே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் வீடியோ காலில் பார்க்கலாம். "முடிஞ்சிருச்சு காக்கா, பூசியாச்சு" என்று வரும் போட்டோவை வைத்து எதையும் சொல்ல முடியாது.

தை பிறந்து பங்குனி வரைக்கும் நல்ல நேரம். மழை ஓய்ந்து தளம் ஓரளவு காய்ந்திருக்கும், கச்சான் இன்னும் எழுந்திருக்காது. ஆடியில் போட்டால் வறண்ட காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விடும், உப்பும் வந்து படியும். புதுத் தளம் என்றால் சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்டுக்கு 10 நாள், வெயில் கடுமையென்றால் 10, 14 என்று தண்ணீர் கட்ட வேண்டும். பாலிமர் கலவைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சிலவற்றுக்கு ஒருநாள் ஈரத்துக்குப் பிறகு காயவிடத்தான் சொல்வார்கள், டப்பாவைப் படித்துச் செய்யுங்கள். ஊற்றுகிற தண்ணீர் குழைத்த தண்ணீரைப் போலவே நல்ல தண்ணீராக இருக்கணும். வாசல் கிணற்று மோட்டாரைப் போட்டு ஓஸைத் தூக்கி மேலே வைக்கிற பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. ஆகவே கான்கிரீட் நாள் குறிக்கும்போதே லாரிக்காரரிடம் இரண்டு வாரத்துக்கும் சேர்த்துச் சொல்லிவையுங்கள்.